பயர்வால் எச்சரிக்கை: அசலா, போலியா?

மைசூரு: மேட்டகள்ளி, ஹெப்பால் தொழிற்பேட்டை, அசோகபுரம் ரயில்வே பணிமனை எனப் பல இடங்களில் வேலை பார்க்கும் தமிழர் வீடுகளில் இன்று கம்ப்யூட்டர் புழங்குகிறது. பிள்ளைகளின் படிப்பு, ஊருக்குப் போக ரயில் டிக்கெட், பி.எப். கணக்கு எல்லாம் அதில்தான். அந்தத் திரையில் திடீரென்று, “உங்கள் பயர்வால் தகர்ந்துவிட்டது, உடனே இந்த எண்ணுக்குப் போன் செய்யவும்” என்று ஆங்கிலத்தில் அறிவிப்பு வருகிறது, கூடவே சங்கொலி. முழுவதும் படிக்க விடாமல் பதற வைப்பதே மோசடியின் முதல் படி.

டிக்கெட் கலெக்டர் வேலை

பயர்வால் என்பது பிளாட்பார வாயிலில் நிற்கும் டிக்கெட் கலெக்டர் மாதிரி. உரிமை இல்லாததை வழிமறிக்கும். சந்தேகம் வந்தால் வீட்டுக்காரரைக் கேட்கும். விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் 2004 முதல் இது தானாகவே இயங்கி வருகிறது.

அசல் எச்சரிக்கை சிறு கட்டமாக வரும். எந்தப் புரோகிராம் வழி கேட்கிறது என்று பெயர் சொல்லி, அனுமதிக்கவா, வேண்டாமா என்று கேட்கும். அவ்வளவே. தங்கள் எச்சரிக்கைகளில் போன் நம்பர் ஒருபோதும் இராது என்று மைக்ரோசாப்ட் நிறுவனமே கூறுகிறது. நம்பர் இருந்தால் அது போலி.

போலி வந்தால்

அது வெறும் இணையப் பக்கமே. ‘எஸ்கேப்’ விசையைச் சில விநாடி அழுத்திப் பிடித்துப் பக்கத்தை மூடலாம். மூடாவிட்டால் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி, வரும் பட்டியலில் பிரவுசரை நிறுத்தலாம்.

போன் செய்தவரிடம், தொலைவிலிருந்தே கம்ப்யூட்டரை இயக்கும் எனிடெஸ்க் போன்ற செயலியை ஏற்றச் சொல்வார்கள். அதன் ஆபத்தை ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது. 2023 அக்டோபரில் சி.பி.ஐ. ‘ஆபரேஷன் சக்ரா-2’ என்ற பெயரில் 76 இடங்களில் நடத்திய சோதனையில், மைக்ரோசாப்ட் ஊழியர் போல் நடித்து வெளிநாட்டவரை ஏமாற்றிய கால் சென்டர்களும் சிக்கின.

அசல் வந்தால்

தெரியாத புரோகிராம் என்றால் ‘வேண்டாம்’ என்பதே நல்லது. தேவைப்பட்டால் பிறகு அனுமதித்துக் கொள்ளலாம். வெளியிலிருந்து வந்ததைத் தடுத்ததாகச் சொன்னால் பெரிதாக அஞ்ச வேண்டியதில்லை. காவல் வேலை செய்கிறது என்றே பொருள். உள்ளே இருக்கும் முன்பின் அறியாத ஒன்று வெளியே போக முயன்றால்தான் கவலை. அப்போது முதலில் இணையத் தொடர்பைத் துண்டித்து, முழு வைரஸ் சோதனை நடத்த வேண்டும். பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்ற வேண்டும். மத்திய அரசு 2017-ல் தொடங்கிய ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ சுத்தப்படுத்தும் மென்பொருள்களை இலவசமாகத் தருகிறது.

அசல் எச்சரிக்கையை அலட்சியம் செய்வதும் தவறு. 2019-ல் கூடங்குளம் அணுமின் நிலையத்தில், நிர்வாகப் பணிக்காக இணையத்துடன் இணைத்திருந்த கம்ப்யூட்டரிலேயே கெடு மென்பொருள் புகுந்தது. முக்கிய இயக்க அமைப்பு தனியே பிரித்து வைக்கப்பட்டிருந்ததால் அதற்குப் பாதிப்பில்லை என்று நிர்வாகம் அறிவித்தது.

பணம் பறிபோனால் வெட்கப்பட்டு மறைப்பதில் பயனில்லை. உடனே 1930 எண்ணில் புகார் செய்தால், பணம் பல கணக்குகளுக்குக் கைமாறும் முன்பே அதை நிறுத்தி வைக்க வழி உண்டு. அங்கே ஒவ்வொரு நிமிடமும் கணக்குத்தான்.