பொமரேனியன் கிராஸ்: ஒரே ஈத்துக் குட்டிகள் ஏன் ஒரே மாதிரி இருப்பதில்லை?

தோட்டத்துச் சாளையில் ஆடு, மாட்டுக்குக் காவலாக ஒரு பெரிய நாய், வாசலில் ஆள் வந்தால் குரல் கொடுக்க ஒரு சின்ன நாய். கொங்கு வட்டாரத்தில் பல வீடுகளில் இதுதான் வழக்கம். அந்தச் சின்ன நாய்க்குப் பெரும்பாலும் ‘பொமரேனியன் கிராஸ்’ என்று பெயர். அது குட்டி போடும்போதுதான் குழப்பம் ஆரம்பிக்கிறது. ‘தாய்க்குப் புசுபுசுவென்று முடி இருக்கிறது, குட்டிகளுக்கு ஏன் இல்லை?’, ‘ஒரு குட்டி மட்டும் ஏன் இவ்வளவு பெரிதாக வளர்ந்துவிட்டது?’ என்ற கேள்விகள் எழுகின்றன. விடை தெரியாததால் ஏமாந்து வாங்குபவர்களும் உண்டு. எதிர்பார்த்த மாதிரி வளரவில்லை என்று ரோட்டோரம் விடப்படும் குட்டிகளும் உண்டு.

எது பொமரேனியன்?

நம் ஊரில் பொமரேனியன் என்று அழைக்கப்படும் வெள்ளை நாய்களில் பெரும்பகுதி உண்மையில் ‘இந்தியன் ஸ்பிட்ஸ்’. அசல் பொமரேனியன் வளர்ந்த பிறகும் இரண்டு, மூன்று கிலோ எடைதான் இருக்கும். இந்தியன் ஸ்பிட்ஸ் ஐந்து கிலோவைத் தாண்டிவிடும். ஆக, ‘பொமரேனியன் கிராஸ்’ என்று சொல்லி விற்கும்போதே, தாய் தகப்பன் எந்த இனம் என்பது பல நேரங்களில் தெளிவாக இருப்பதில்லை.

மக்காச்சோளம் சொல்லும் பாடம்

உடுமலை, பல்லடம் பக்கம் மக்காச்சோளம் போடும் விவசாயிகளுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். வீரிய ஒட்டு விதை போட்டால் காடு முழுக்க ஒரே உயரம், ஒரே மாதிரி கதிர். அந்தக் கதிரிலிருந்தே விதை எடுத்து அடுத்த பட்டத்துக்குப் போட்டால் ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. அதனால்தான் ஒவ்வொரு பட்டத்துக்கும் புது விதை வாங்குகிறார்கள்.

நாயிலும் இதே கணக்குதான். இரண்டு தனி இனங்களைச் சேர்த்துப் பிறக்கும் குட்டி முதல் தலைமுறை. இதைத்தான் விற்பவர்கள் ‘எஃப்-1’ என்கிறார்கள். தாயிடமிருந்து பாதி, தகப்பனிடமிருந்து பாதி வருவதால், இந்தக் குட்டிகள் ஓரளவுக்கு ஒன்றுபோல இருக்கும். முதல் தலைமுறை நாய்கள் இரண்டைச் சேர்த்தால் வருவது இரண்டாம் தலைமுறை. மறைந்திருந்த குணங்கள் வெளியே வருவது இங்கேதான். முதல் தலைமுறை நாயை மறுபடியும் பொமரேனியனுடனே சேர்த்தால், குட்டியில் சராசரியாக முக்கால் பங்கு பொமரேனியன் இருக்கும். கலப்பினப் பசுவுக்குத் திரும்பவும் ஜெர்சி ஊசி போடுவது போலத்தான் இது.

முடியை வைத்து ஒரு கணக்கு

நாயின் முடி பற்றி 2009-ல் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பரிசோதித்ததில், முடியின் வகையைப் பெரும்பாலும் மூன்றே மரபணுக்கள் முடிவு செய்வது தெரிந்தது. அவற்றில் ஒன்று முடியின் நீளத்துக்கானது. இதில் குட்டை முடிதான் ஓங்கி நிற்கும். நீள முடி வர வேண்டுமானால், அந்தக் குணம் தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் வர வேண்டும்.

நீள முடி பொமரேனியனையும், முன்னோரில் நீள முடி கலக்காத நாட்டு நாயையும் சேர்த்தால், முதல் தலைமுறையில் எல்லாமே குட்டை முடிக் குட்டிகள். ஆனால், ஒவ்வொன்றுக்குள்ளும் நீள முடிக் குணம் மறைந்திருக்கும். இவற்றுள் இரண்டைச் சேர்த்தால் சராசரியாக நான்கில் ஒன்று நீள முடியோடு பிறக்கும். பொமரேனியனுடன் திரும்பச் சேர்த்தால் பாதிக்குப் பாதி.

இது சராசரிதான். நான்கு குட்டி போட்டால் ஒன்று நிச்சயம் என்று அர்த்தமில்லை. இரண்டாம் தலைமுறையில் நான்கு குட்டிகள் கொண்ட ஈத்துகளை எடுத்துக்கொண்டால், ஏறக்குறைய மூன்றில் ஓர் ஈத்தில் நீள முடிக் குட்டி ஒன்றுகூட இருக்காது. உடல் அளவுக்கும் குணத்துக்கும் பல மரபணுக்கள் சேர்ந்து வேலை செய்வதால், அவற்றை முன்கூட்டியே சொல்வது இன்னும் கடினம்.

இன்னொரு காரணமும் உண்டு. பருவத்தில் இருக்கும் பெட்டை நாய், ஒன்றுக்கு மேற்பட்ட கடுவன்களுடன் சேர்ந்தால், ஒரே ஈத்தில் வெவ்வேறு தகப்பனுக்குக் குட்டிகள் பிறக்கும். அவிழ்த்துவிட்டு வளர்க்கும் தோட்டங்களில் இது நடக்கக்கூடியதுதான்.

ஆஸ்திரேலியாவில் நடந்தது

கண் தெரியாத ஒரு பெண்ணுக்கு வழிகாட்டி நாய் தேவைப்பட்டது. அவருடைய கணவருக்கோ நாய் முடி ஒவ்வாமை. ஆஸ்திரேலியாவில் வழிகாட்டி நாய் வளர்ப்பில் இருந்த வாலி கான்ரான், 1989-ல் லாப்ரடாரையும் முடி அதிகம் கொட்டாத பூடுலையும் சேர்த்தார். பிறந்தவை மூன்று குட்டிகள். அவற்றில் ஒன்று மட்டுமே அந்தக் கணவருக்கு ஒத்துக்கொண்டது. முதல் தலைமுறையிலேயே இப்படி. ‘கிராஸ் குட்டி, முடியே கொட்டாது’ என்று உறுதி சொல்லி விற்பவர்களிடம் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குணமும் அப்படித்தான். 2022-ல் வெளியான ஆய்வில் 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட நாய்களைப் பற்றி விவரம் சேகரித்தார்கள். நாய்க்கு நாய் நடத்தையில் தெரியும் வேறுபாட்டில், இனத்தால் விளக்க முடிந்தது சுமார் 9 சதவிகிதம்தான். மீதியில் வளர்ப்புக்கும் பழக்கத்துக்கும் பெரிய பங்கு உண்டு.

வாங்கும் முன்... சேர்க்கும் முன்...

* தலைமுறைப் பெயரைக் கேட்டு விலை கொடுக்க வேண்டாம். தாயை நேரில் பாருங்கள். முடிந்தால் தகப்பனையும் பாருங்கள். வளர்ந்தால் குட்டி எந்த அளவில் இருக்கும் என்பதற்கு அதுதான் ஓரளவு நம்பகமான அடையாளம்.

* 2017-ம் ஆண்டு மத்திய அரசு விதிப்படி, 8 வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது. நாய் இனப்பெருக்கத் தொழில் செய்பவர்கள் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும்.

* பெட்டைக்கு 18 மாதம் ஆவதற்கு முன் சேர்க்கக் கூடாது. சின்னப் பெட்டையைப் பெரிய கடுவனுடன் சேர்க்கவே வேண்டாம். குட்டி பெரிதாக இருந்தால் பிரசவத்தில் தாயின் உயிருக்கே ஆபத்து.

* குட்டிகளுக்கு வீடு கிடைக்கும் என்ற உறுதி இல்லையென்றால், கால்நடை மருத்துவரிடம் கருத்தடை அறுவை சிகிச்சை பற்றிக் கேளுங்கள்.

* எந்தத் தலைமுறையானாலும் வெறிநோய்த் தடுப்பூசி கட்டாயம். மூன்று மாத வயதில் முதல் ஊசி, பிறகு மருத்துவர் சொல்லும் இடைவெளியில் தொடர வேண்டும்.

காது மடங்கியிருந்தாலும், முடி குட்டையாக இருந்தாலும், இருட்டில் வரும் காலடிச் சத்தம் அந்தக் குட்டிக்குக் கேட்கும். வாசலில் குரல் கொடுக்க ஒரு நாய் வேண்டும் என்றுதானே வாங்கினோம். அந்த வேலையை அது செய்யும்.