சுகாதார நிலையம் எங்கே அமைய வேண்டும்?

ஆரம்ப சுகாதார நிலையம், தீயணைப்பு நிலையம், நியாயவிலைக் கடை போன்ற பொதுவசதிகளை எந்த இடத்தில் அமைத்தால் பரவலாக வாழும் மக்களுக்கு அவை மிகுதியாகப் பயன்படும் என்று ஆராயும் துறை இடத்தேர்வுக் கோட்பாடு எனப்படுகிறது. மூலப்பொருள் கிடைக்கும் இடங்களையும் சந்தையையும் கருத்தில் கொண்டு, போக்குவரத்துச் செலவு மிகக் குறையும் இடத்தில் ஆலையை நிறுவுவது எப்படி என்று ஜெர்மானியப் பொருளியலாளர் ஆல்பிரட் வெபர் 1909-இல் எழுதிய நூல் இத்துறைக்கு அடித்தளமிட்டது.

இக்கணக்கின் தன்மையை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரே நேர்சாலையில் 0, 2, 5, 15 ஆகிய கிலோமீட்டர் தொலைவுகளில் நான்கு ஊர்கள் இருப்பதாகவும், அவற்றில் முறையே 400, 300, 200, 100 பேர் வாழ்வதாகவும் கொண்டால், அனைவரும் கடக்கும் மொத்தத் தூரம் இரண்டாவது ஊரில் நிலையத்தை அமைக்கும்போதுதான் மிகக் குறைவாகிறது. மக்கள்தொகையைச் சரிபாதியாகப் பிரிக்கும் எல்லை அவ்வூரில் விழுவதால் அது இடைநிலைப் புள்ளி எனப்படுகிறது. அங்கு சராசரித் தூரம் 2.7 கிலோமீட்டர்தான் என்றாலும், கடைசி ஊரில் உள்ள நூறு பேர் 13 கிலோமீட்டர் வர வேண்டியிருக்கும். மிகத் தொலைவில் உள்ளவரின் தூரத்தைக் குறைப்பதே நோக்கமானால் நிலையம் 7.5-ஆவது கிலோமீட்டருக்கு நகர்கிறது. அப்போது எவரும் 7.5 கிலோமீட்டருக்குமேல் பயணம் செய்ய வேண்டியதில்லை, ஆனால் சராசரித் தூரம் 5.9 கிலோமீட்டராக உயர்ந்துவிடுகிறது.

இவ்விரண்டுக்கும் அப்பால், குறித்த தொலைவுக்குள் எத்தனை பேர் அடங்குகிறார்கள் என்பதை அளவுகோலாகக் கொள்ளும் முறையும் உண்டு. நிலையங்களின் எண்ணிக்கை வரையறுக்கப்பட்டிருக்கும்போது, அந்த எல்லைக்குள் மிகுதியான மக்களைக் கொண்டுவரும் இடங்களைத் தேர்ந்தெடுக்கும் வழியை ரிச்சர்ட் சர்ச்சும் சார்ல்ஸ் ரெவெல்லும் 1974-இல் வகுத்தனர். ஒவ்வொரு நிமிடமும் உயிருக்கு விலையாகும் ஆம்புலன்ஸ், தீயணைப்புச் சேவைகளுக்கு இம்முறை பெரிதும் பொருந்துகிறது.

நிலையங்கள் பலவாகும்போது கணக்கும் கடினமாகிறது. நூறு ஊர்களிலிருந்து பத்தைத் தேர்ந்தெடுக்கச் சுமார் 17 லட்சம் கோடி வழிகள் இருப்பதால், ஒவ்வொன்றாகச் சோதிப்பதைத் தவிர்த்து, கணினியும் நுட்பமான வழிமுறைகளும் துணைகொள்ளப்படுகின்றன. ஆயினும் கணினிக்குத் தரப்படும் தரவு பிழையானால் விடையும் பிழையாகும்: ஒரு பகுதியின் மக்கள் அனைவரும் அதன் நடுப்புள்ளியிலேயே வாழ்வதாகக் கொள்வது கணக்கை எளிதாக்குகிறதே தவிர, ஓரத்துக் குடியிருப்புகளின் உண்மைத் தூரத்தை மறைத்துவிடுகிறது, வரைபடத்தில் நேர்கோட்டில் அளக்கும் தூரமோ, குறுக்கே ஆறும் மலையும் இருப்பதைக் கணக்கில் எடுப்பதில்லை.

இந்திய அரசின் நெறிமுறைகள் நிலப்பரப்பால் தூரம் வேறுபடுவதை ஓரளவு ஏற்றுக்கொள்கின்றன. சமவெளியில் 30,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்று வரையறுக்கும் அவை, மக்கள் சிதறி வாழும் மலைப்பகுதிகளிலும் பழங்குடியினர் பகுதிகளிலும் 20,000 பேருக்கே ஒன்று என்று விதிக்கின்றன. தலைக்கணக்கு மட்டும் போதாது, தூரமும் ஒரு சுமையே என்னும் அறிவு இதில் அடங்கியிருக்கிறது.

எந்த அளவுகோலைக் கொள்வது என்பதைக் கணிதம் தீர்மானிப்பதில்லை. பெரும்பான்மையினரின் வசதியா, கடைக்கோடியில் இருப்பவரின் உரிமையா என்பதை மக்களும் அவர்களின் பிரதிநிதிகளுமே முடிவு செய்ய வேண்டும். ஆகவே ஒரு பொதுவசதிக்கு இடம் குறிக்கும் ஒவ்வொரு திட்டமும், சராசரித் தூரத்தோடு, மிகத் தொலைவில் வாழ்பவர் கடக்க வேண்டிய தூரத்தையும் வெளிப்படையாக அறிவிப்பதே முறையாகும்.