உத்தரவின்றி எழுந்த வணக்கம்

சென்னை மைதானமாயினும் பசியாவரத்து மணற்கரையாயினும், ஆட்டத்துக்கு முன் தேசிய கீதம் எழுந்தால் நாமும் எழுகிறோம். நன்று. ஆயின், எழாதவனை அதட்டி எழுப்புவதும் தேசபக்தியாகுமா? மரியாதையுடன் நின்றும், மதநம்பிக்கையால் கீதம் பாடாத மூன்று கேரளப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து நீக்கியது தவறென 1986-ல் சுப்ரீம் கோர்ட்டே தீர்ப்பளித்தது.

அதற்கு ஐம்பதாண்டு முந்திய வணக்கமொன்றை நேயர்களுக்கு நினைவூட்டுவோம். 1936 ஆகஸ்டு 15. பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி இறுதியாட்டம். நம்மவர் ஆடியதோ பிரிட்டிஷ் இந்தியாவின் பெயரால். பயிற்சி ஆட்டத்தில் ஜெர்மனியிடம் தோற்றிருந்தமையால் உள்ளூரக் கலக்கம் வேறு. உடைமாற்றும் அறையில் பங்கஜ் குப்தா காங்கிரஸ் மூவர்ணக் கொடியை எடுத்து விரித்தார். தியான் சந்த் முதலானோர் பயபக்தியுடன் வணங்கினர். காண ரசிகர் கூட்டமில்லை, கட்டளையிட அதிகாரியுமில்லை. அந்நாளைய சர்க்கார் கண்டிருப்பின் சீறியிருக்கும்! பிறகு மைதானம் புகுந்து 8-க்கு 1 என வென்றனர்.