சேனை வைப்பது யார்? பிரசவத்துக்கு முன்பே பேசி முடியுங்கள்!

வளைகாப்பு முடிந்து பெண் தாய்வீட்டுக்கு வந்தாச்சு. தொட்டில் கட்ட இடம் பார்த்தாச்சு. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகும் பையும் ரெடி. ஆனாலும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. பிறக்கப் போகும் குழந்தையின் வாயில் யார், என்ன வைப்பது என்று வீட்டில் உட்கார்ந்து பேச வேண்டும்.

"இதுல பேச என்ன இருக்கு?" என்பீர்கள். ஒன்பதாம் மாதம் கர்ப்பிணியோடு வரும் பாட்டிமார்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "நல்ல உரை மருந்தா ஒண்ணு சொல்லுங்க, டாக்டர்." சித்த வைத்தியர்தானே, மறுக்கவா போகிறார் என்ற நம்பிக்கை. நான் மறுக்கத்தான் செய்கிறேன்.

முதலில் சேனை. தென் மாவட்டங்களில் குழந்தை பிறந்ததும், நல்ல குணசாலி என்று பேர் வாங்கிய ஒருவர் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ தொட்டு நாக்கில் வைப்பார். அவர் குணம் பிள்ளைக்கு வரட்டும் என்ற ஆசை. ஆசையில் தப்பில்லை. ஆனால் தேனில் சில சமயம் ஒரு கிருமியின் வித்துகள் இருக்கும். பெரியவர்களுக்கு ஒன்றும் செய்யாது. பச்சைக் குழந்தையின் குடலில் அது வளர்ந்து விஷத்தை உண்டாக்கி, தசைகளைத் தளர வைத்து, மூச்சுக்கே ஆபத்தாகிவிடும். அபூர்வம்தான், ஆனாலும் ஒரு வயது வரை தேன் கூடாது. சர்க்கரைத் தண்ணீர்? முதல் நாள் குழந்தையின் இரைப்பை ஒரு தடவைக்கு ஒன்றிரண்டு டீஸ்பூன்தான் கொள்ளும். அதை நிரப்பிவிட்டால் சீம்பாலுக்கு இடம் ஏது?

அந்தச் சீம்பாலைத்தான் "மஞ்சளா இருக்கு, கெட்ட பாலு" என்று பீய்ச்சிக் கொட்டுகிற வீடுகள் இன்றும் உண்டு. நோயை எதிர்க்கும் சத்து நிறைந்தது அது. முதல் ஒரு மணி நேரத்துக்குள் குழந்தை மார்பில் வாய் வைக்க வேண்டும். சிசேரியன் என்றாலும் முடியும். நர்ஸ் அம்மாவிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். சேனை வைக்கவிருந்த பெரியவர் குழந்தையை மடியில் வாங்கி வாழ்த்தட்டுமே! குணம் அப்படியும் வரும்.

அடுத்து உரை மருந்து. வசம்பு, கடுக்காய், மாசிக்காய், ஜாதிக்காய், சுக்கு... எல்லாம் நம் மருந்துகள்தான். வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே பெயர். ஆனால் மருந்து என்றால் சுத்தி செய்யணும், வயது பார்க்கணும், அளவு பார்க்கணும். கல்லில் நாலு இழைப்பு இழைத்தால் அளவு யாருக்குத் தெரியும்? வசம்பில் உள்ள பீட்டா அசரோன் என்ற பொருளுக்குப் பயந்து, அமெரிக்காவில் 1968-லேயே உணவில் அதைச் சேர்க்கத் தடை போட்டார்கள். வாசனைக்காகத் தொட்டில் கயிற்றில் கட்டுங்கள், எனக்கு ஆட்சேபம் இல்லை. வாயில் வேண்டாம். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டுமே. சித்திரை வெயிலில்கூடத் தண்ணீர் தேவையில்லை. டாக்டர் எழுதிக் கொடுக்கும் சொட்டு மருந்து இதில் சேராது.

குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவதும், தொண்டையில் விரல் விட்டுச் சளி எடுப்பதும் அடியோடு நிற்க வேண்டும். எண்ணெய் நுரையீரலுக்குப் போனால் நிமோனியா. தொப்புளில் மஞ்சள், சாம்பல் எதுவும் வைக்காதீர்கள். காய்ந்து தானே விழும்.

வீட்டில் இன்னொரு சமாச்சாரம். குழந்தைக்கென்று டிரங்குப் பெட்டியிலிருந்து பழைய வேட்டி, சேலை எடுப்பீர்கள். உள்ளே அந்துருண்டை போட்டிருப்பீர்கள். பிறவியிலேயே ஒரு என்சைம் குறைவாக இருக்கும் குழந்தைகளுக்கு அந்த நெடியே ரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து, மஞ்சள் காமாலையைக் கடுமையாக்கிவிடும். எந்தக் குழந்தைக்கு அந்தக் குறை என்று முன்கூட்டித் தெரியாதே! அதனால் இப்போதே உருண்டைகளை எடுத்து எறியுங்கள். துணிகளைத் துவைத்து, வாசனை போகும்வரை வெயிலில் போடுங்கள். சாம்பிராணிப் புகையும் குழந்தை இருக்கும் அறையில் வேண்டாம்.

கர்ப்பிணிக்கு இரண்டே வார்த்தை. ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே இருந்தால் முருங்கைக்கீரையை மட்டும் நம்பாதீர்கள். இரும்புச் சத்து மாத்திரையும் வேண்டும், காபி, டீயோடு சேர்க்காமல். நாள் தள்ளிப் போகிறதே என்று நீங்களாக விளக்கெண்ணெய் குடிக்காதீர்கள்.

இதையெல்லாம் மாமியாரிடமும் அம்மாவிடமும் யார் சொல்வது? புருஷன்தான் சொல்லணும். பிள்ளை பெற்ற களைப்பில் அந்தப் பெண்ணால் வாதாட முடியாது. "பால் பத்தலை, பிள்ளை அழுவுது" என்று சங்கை எடுப்பார்கள். அதற்குப் பதில் தயாராக இருக்கட்டும்: ஐந்தாம் நாளுக்கு மேல் தினம் ஆறு தடவையாவது சிறுநீர் போகிறதா, இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்புகிறதா? அப்படியென்றால் பால் போதும். குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, உடம்பு சில்லிட்டாலோ, மூச்சு வாங்கினாலோ, உள்ளங்காலில் மஞ்சள் தெரிந்தாலோ, கை வைத்தியம் பார்த்துக்கொண்டு இருக்காமல் 108-க்குப் போன் செய்யுங்கள்.