புரதம் திரிந்தால்...!

மெக்கானிக்கலும் எலக்ட்ரிக்கலும் படிக்கிற நமக்குப் புரதத்தோடு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? வடலூர், நெய்வேலிப் பக்கம் சர்க்கரை வியாதிக்காரர் ஒருவராவது இல்லாத தெரு உண்டா? அவர்கள் போட்டுக்கொள்ளும் இன்சுலினும் ஒரு புரதம்தான். அந்த இன்சுலின் வெயிலில் கிடந்து குலுங்கினால் கலங்கிப் போவதுண்டு. அல்சைமர் என்னும் மறதி நோயில் மூளையில் புரதம் படிகிறது. இரண்டுக்கும் அடியில் இருப்பது ஒரே சங்கதி. புரத மூலக்கூறுகள் தம் வடிவம் குலைந்து, ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிப்படுகின்றன. அப்படி அவை நார் நாராக அடுக்கிக்கொண்டால் அதற்கு அமிலாய்டு என்று பெயர்.

அந்தப் பெயரே ஒரு தவறில் பிறந்ததுதான்! 1854-ல் ஜெர்மன் டாக்டர் ருடால்ஃப் விர்ஹோ, உடல் திசுவில் அயோடின் விட்டுப் பார்த்தார். நிறம் மாறியது. உருளைக்கிழங்கை வைத்துப் பள்ளியில் நாம் செய்த அதே சோதனை! மாவுச்சத்து என்று முடிவு கட்டி, மாவுச்சத்துக்கான லத்தீன் சொல்லிலிருந்து பெயரை வைத்துவிட்டார். 1859-ல் ஃப்ரீட்ரைக், கெக்குலே இருவரும் இது மாவு இல்லை, புரதம் போன்ற பொருள் என்று காட்டினார்கள். பெயர் மட்டும் போகவில்லை. ஒரே ஒரு சோதனையை நம்பினால் வருகிற வினை இது.

சரி, இதை எப்படி ஆராய்கிறார்கள்? நல்ல இன்சுலினை வேண்டுமென்றே கெடுக்கிறார்கள்! நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், பி.எச். 2 அளவில் கரைத்து, 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் வைத்துக் கலக்குவார்கள். ரொம்ப நேரத்துக்கு ஒன்றுமே நடக்காது. பார்க்கிறவனுக்குக் கொட்டாவிதான் வரும். அப்புறம் திடீரென்று கலங்கல் கிடுகிடுவென்று ஏறி, ஒரு மட்டத்தில் போய் நின்றுவிடும். கிராஃப் ஷீட்டில் போட்டால் ஆங்கில 'எஸ்' எழுத்தைச் சாய்த்து இழுத்த மாதிரி இருக்கும்.

அந்த ஆரம்பக் காத்திருப்புதான் முக்கியம். முதல் சில மூலக்கூறுகள் சரியான வரிசையில் கூடி ஒரு 'கரு' உண்டாவது சிரமம். உண்டாகிவிட்டால் மற்றவை வந்து நுனியில் ஒட்டிக்கொண்டே போகும். ஏற்கெனவே உருவான நாரில் துளி சேர்த்தால் காத்திருப்பே இருக்காது, பாலுக்கு உறை ஊற்றுகிற மாதிரி! (தயிரில் வேலை செய்வது பாக்டீரியா, இங்கே நாரே அச்சு. உவமை அதுவரைக்கும்தான்.) ஆகவே சரியாகக் கழுவாத ஒரு டியூப் போதும், மொத்த வேலையும் பாழ். கலக்கும் வேகம், காற்றுக் குமிழி, டியூபின் சுவர் எல்லாமே கணக்கில் சேரும். ஒரே கரைசலை மூன்று டியூப்பில் ஊற்றினாலும் மூன்றும் ஒரே நேரத்தில் கலங்காது. அதனால் ஒரு ரீடிங்கோடு யாரும் நிறுத்துவதில்லை.

கலங்கலை மட்டும் பார்த்தாலும் போதாது. தாறுமாறாகச் சேர்ந்த கட்டியும்தான் கலங்கும். நாரா, வெறும் கட்டியா என்று பிரிக்கச் சாயம் வேண்டும். பருத்தித் துணிக்குப் போட்ட காங்கோ ரெட் சாயத்தை 1922-ல் பென்ஹோல்ட் இதற்குப் பயன்படுத்தினார். இப்போது அதிகம் புழங்குவது தயோஃபிளேவின் டி. தண்ணீரில் இதன் மூலக்கூறின் இரு பாதிகளும் சுழன்றுகொண்டே இருக்கும். வாங்கிய ஒளியை அப்படியே வீணாக்கிவிடும். நாரின் பள்ளத்தில் சிக்கினால் சுழல முடியாது, உடனே ஒளிரும்! சுமார் 450 நானோமீட்டர் ஒளியைக் கொடுத்து, 482 பக்கம் வருகிற ஒளியை அளக்க வேண்டும்.

இங்கேதான் நம்ம ஊர் மஞ்சள் வந்து ஆளை ஏமாற்றுகிறது. மஞ்சளில் உள்ள குர்குமினைச் சேர்த்தால் அளவு குறைகிறது. ஆஹா, அமிலாய்டு கரைந்துவிட்டது என்று துள்ளலாமா? குர்குமினே மஞ்சள் நிறம். சாயத்துக்குப் போக வேண்டிய ஒளியை அதுவே விழுங்கிவிடும், தானும் ஒளிரும். நார் குறைந்ததா, வெளிச்சம்தான் குறைந்ததா? சாயத்தைக் கேட்டால் தெரியாது. இந்தக் கோளாறை 2009-லேயே சோதித்து வெளியிட்டுவிட்டார்கள். மஞ்சளால் மறதி நோய் போகும் என்கிற செய்தியைப் படித்தால், வேறு எந்த முறையில் சரிபார்த்தார்கள் என்று கேளுங்கள்.

சரிபார்க்கிற முறைகள் இருக்கின்றன. எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் சுமார் 10 நானோமீட்டர் அகல நாரை நேராகவே பார்க்கலாம். எக்ஸ்ரே விளிம்பு வளைவில் 4.7 ஆங்ஸ்ட்ராம் இடைவெளி தெரிந்தால் படிக்கட்டு மாதிரி அடுக்கியிருக்கிறது என்று அர்த்தம். 2017-ல் கேம்பிரிட்ஜில், அல்சைமர் நோயாளி ஒருவரின் மூளையிலிருந்து எடுத்த 'டௌ' புரத நாரை உறைய வைத்து, அணு அளவுக்கே படம் பிடித்துவிட்டார்கள்.

நம்மவர்களும் சளைத்தவர்கள் இல்லை. புரதச் சங்கிலி எந்தக் கோணங்களில் மடியலாம் என்று 1963-ல் வரைபடம் போட்டவர் சென்னைப் பல்கலைக்கழகத்து ஜி.என். ராமச்சந்திரன். சங்கிலியின் எந்தப் பகுதி கட்டிப்படும் என்பதைக் கம்ப்யூட்டரில் கணிக்கிற வேலையைச் சென்னை ஐ.ஐ.டி.யில் மைக்கேல் குரோமிஹா குழு செய்கிறது. மும்பை ஐ.ஐ.டி.யின் சமீர் மாஜி பங்குகொண்ட 2009 ஆய்வு ஆச்சரியமானது. சில ஹார்மோன்களை உடம்பே அமிலாய்டு வடிவில்தான் சேமித்து வைக்கிறதாம்!

வீட்டு இன்சுலினுக்கு வருவோம். ஆய்வுக்கூடத்தில் சூடும் கலக்கலும் செய்கிற வேலையைக் கத்திரி வெயிலில் நிறுத்திய வண்டியின் பெட்டியும் மெதுவாகச் செய்யும். தெளிந்த வகை இன்சுலின் கலங்கியிருந்தால் போடக்கூடாது. பால் மாதிரி இருக்கிற வகை இயல்பிலேயே அப்படித்தான், ஆனால் உருட்டியும் கரையாத திப்பி இருந்தால் அதுவும் ஆகாது. ஊசியையும் ஒரே இடத்தில் போட்டுக்கொண்டே இருந்தால் தோலுக்கடியில் கட்டி வரும். சிலருக்கு அந்தக் கட்டிக்குள் இருப்பது இன்சுலின் அமிலாய்டுதான். அங்கே போடுகிற மருந்து ரத்தத்தில் சரியாகச் சேராது, சர்க்கரை ஏறுகிறதே என்று அளவைத்தான் கூட்டிக்கொண்டே போவார்கள். உங்கள் வீட்டுப் பெரியவர்கள் எங்கே ஊசி போடுகிறார்கள் என்று இந்த லீவில் பாருங்கள். கட்டி தட்டுப்பட்டால் டாக்டரிடம் காட்டுங்கள். இடம் மாற்றும்போது பழைய அளவே அதிகமாகி, சர்க்கரை சட்டென்று இறங்கிவிடலாம்.