புளியங்கொட்டையில் கணக்கு! மணலில் எழுத்து!

சேலத்திலிருந்து ஏற்காடு செல்லும் பஸ் கோரிமேட்டைத் தாண்டி மலையை நெருங்கியதும், "அடிவாரம் இறங்கு!" என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். இறங்கி நிமிர்ந்து பார்த்தால், சேர்வராயன் மலை சுவர்போல எழுந்து நிற்கும். சாலை அங்கிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளாக மேலே ஏறுகிறது. வளைவுதோறும் எண் எழுதிய பலகை உண்டு.

உல்லாசப் பயணிகளுக்கு அது எச்சரிக்கைப் பலகை. அடிவாரத்துப் பிள்ளைக்கோ, கணக்குப் பாடம்!

கடன் யாரிடம்?

சிரிக்க வேண்டாம். ஆறு வயதுப் பிள்ளையிடம் "12" என்று எழுதிக் காட்டி, "இது பன்னிரண்டு" என்றால் ஒப்புக்கொள்ளும். அதில் உள்ள "1" ஏன் ஒன்று அல்ல, பத்து என்பதுதான் அதற்கு விளங்காது.

கை நிறைய ஈர்க்குச்சிகளைக் கொடுங்கள். பத்துப் பத்தாக எண்ணி நூலால் கட்டச் சொல்லுங்கள். 27 என்றால் இரண்டு கட்டு, ஏழு உதிரி. அதிலிருந்து ஒன்பதை எடு என்றால் பிள்ளை திகைக்கும். உதிரியில் ஏழுதானே இருக்கிறது? சற்று நேரம் விழித்துவிட்டு, தானே ஒரு கட்டை அவிழ்க்கும். இப்போது உதிரி 17. ஒன்பது போக எட்டு. கட்டு ஒன்று. ஆக 18.

நாமெல்லாம் இதைக் "கடன் வாங்குதல்" என்று படித்தோம். யாரிடம் கடன், எப்போது திருப்பிக் கொடுப்பது என்று யாரும் சொல்லவில்லை!

குச்சி இல்லையென்றால் புளியங்கொட்டை, காப்பிக்கொட்டை, கூழாங்கல். மலையடிவாரத்தில் இவற்றுக்கா பஞ்சம்?

எழும்பூரில் கண்ட அதிசயம்

இதை ஏதோ மேல்நாட்டுப் புதுமை என்று எண்ணிவிடக் கூடாது. சென்னை எழும்பூரில் அநாதைச் சிறுவர்களுக்கான விடுதிப் பள்ளி ஒன்றை நடத்தி வந்தவர் ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார். நம் நாட்டுப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிப் படிப்பதைக் கண்டு வியந்தார். தம் பள்ளியிலும் மணலைப் பரப்பினார். விவரம் தெரிந்த பையனைக் கொண்டே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கச் செய்தார். 1797-ல் லண்டனில் இதைப் புத்தகமாக வெளியிட்டார். "மதராஸ் முறை" என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது. நம் திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை கப்பல் ஏறிய கதை இது!

ஏணியும் அட்டையும்

2003-ல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கியது "செயல்வழிக் கற்றல்". அப்போதைய மாநகராட்சி ஆணையர் எம்.பி.விஜயகுமார் இதற்கு முன்னின்றார். ஆந்திராவின் ரிஷிவேலிப் பள்ளி, கிராமப் பிள்ளைகளுக்காக வகுத்த அட்டை முறையே இதற்கு முன்மாதிரி. 2007-08-ல் இது தமிழ்நாட்டு அரசுத் தொடக்கப் பள்ளிகள் அனைத்துக்கும் வந்தது.

வகுப்பறையே மாறியது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. பிள்ளைகளுக்கு எட்டும் உயரத்தில் சுவரைச் சுற்றிக் கரும்பலகை. தன் வருகையைப் பிள்ளையே பதிவு செய்யும். சுவரில் "கற்றல் ஏணி" தொங்கும். தன் படி எதுவென்று பார்த்து, அதற்குரிய அட்டையைத் தட்டிலிருந்து தானே எடுத்துக்கொண்டு தன் குழுவில் உட்காரும்.

இதன் அருமை நகரத்தைவிட மலையில்தான் தெரியும். காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் தாய் தோட்டத்திற்குப் போனால், சில வீடுகளில் தம்பியைப் பார்த்துக்கொள்வது மூத்த பெண் பிள்ளைதான். சில வாரம் கழித்துப் பள்ளிக்கு வந்தால் பாடம் எங்கோ போயிருக்கும். கடைசி வரிசையில் உட்கார்ந்து விழிக்க வேண்டியதுதான். பிறகு ஒருநாள் வராமலே நின்றுவிடும். ஏணி முறையிலோ, விட்ட படி அங்கேயே காத்திருக்கும்! இரண்டு ஆசிரியர் ஐந்து வகுப்பை நடத்தும் சிறு பள்ளிக்கும் அது கைகொடுத்தது.

குறை இல்லாமல் இல்லை. அட்டைகள் கிழிந்தன, தொலைந்தன. "எந்நேரமும் விளையாட்டுதானா? நோட்டில் ஒன்றும் காணோமே!" என்றார்கள் பெற்றோர். பல இடங்களில் முறை போய் அட்டை மட்டுமே மிஞ்சியது என்பதே என் கருத்து. கையால் செய்ய வேண்டியதை அட்டையைப் பார்த்து எழுதச் சொன்னால் அதுவும் ஒரு மனப்பாடம்தானே?

அரும்பு, மொட்டு, மலர்

பிறகு வந்தது கொரோனா. 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் முதல் தேதிதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பைக் கண்ணால் காணாமலே பிள்ளைகள் இரண்டாம் வகுப்புக்கு வந்து நின்றார்கள். இந்த இழப்பை ஈடுகட்ட 2022 ஜூனில் தொடங்கியதே "எண்ணும் எழுத்தும்" திட்டம். அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலைகள். எந்த வகுப்பு என்று பாராமல், பிள்ளைக்கு எவ்வளவு தெரியும் என்று பார்த்து நிலையை முடிவு செய்கிறார்கள். பாட்டு, கதை, பொம்மலாட்டம் எல்லாம் உண்டு. ஈர்க்குச்சிக் கட்டும் மறுபடி வகுப்புக்குள் வந்தது.

வீட்டில் பெற்றோரும் இதைச் செய்து பார்க்கலாம். அரிசியைத் தட்டில் பரப்பி "அ" எழுதச் சொல்லுங்கள். தவறினால் கையால் கலைத்துவிடலாம். ரப்பரும் வேண்டாம், திட்டும் வேண்டாம்.

அடுத்த முறை பிள்ளையோடு ஏற்காடு பஸ்ஸில் ஏறினால், ஏழாவது வளைவுப் பலகை வரும்போது, "இன்னும் எத்தனை பாக்கி?" என்று கேட்டுப் பாருங்கள். விரல் போதாது. கால் விரலையும் சேர்த்துக்கொள்ளும்!