சீழ்க்கையில் பேசும் தீவு

ஒரு மலைச்சரிவில் நீங்கள் ஆடு மேய்த்துக்கொண்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். எதிர்ச்சரிவில் உங்கள் அண்ணன் நிற்கிறார். இருவருக்கும் நடுவே ஆழமான பள்ளத்தாக்கு. பறவை பறந்து போனால் இரண்டே கிலோமீட்டர்தான். நடந்து போவதென்றால் கீழே இறங்கி, ஓடையைக் கடந்து, மறுபடியும் மேலே ஏற வேண்டும்; அரை நாள் போய்விடும். “கறுப்பு ஆட்டைக் காணவில்லை, அந்தப் பக்கம் வந்ததா?” என்று அவரிடம் கேட்க வேண்டும். என்ன செய்வீர்கள்?

முதலில் கத்திப் பார்ப்பீர்கள். குரல் பாதி வழியிலேயே காற்றில் கரைந்துவிடும். நாலு முறை கத்தினால் தொண்டை கட்டிக்கொள்ளும். “கைப்பேசி இருக்கிறதே!” என்பீர்கள். கைப்பேசி பிறப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இதற்கு வழி கண்டுபிடித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் விரலை மடக்கி வாயில் வைத்துச் சீழ்க்கை அடித்தார்கள்.

நாமும்தான் திருவிழாவிலும் திரையரங்கிலும் சீழ்க்கை அடிக்கிறோம். ஆனால் நம் சீழ்க்கை மகிழ்ச்சியைத் தெரிவிக்கும். மிஞ்சினால் ஒருவரைத் திரும்பிப் பார்க்க வைக்கும். அவர்களுடைய சீழ்க்கையோ “கறுப்பு ஆட்டைக் காணவில்லை” என்று முழு வாக்கியத்தையும் சொல்லிவிடும்!

குடைக்கம்பிகள் போன்ற பள்ளத்தாக்குகள்

ஆப்பிரிக்காவின் வடமேற்குக் கரைக்கு அப்பால், அட்லாண்டிக் பெருங்கடலில், ஸ்பெயின் நாட்டைச் சேர்ந்த கானரித் தீவுகள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்று லா கொமேரா. 1492ஆம் ஆண்டில் கொலம்பஸ் தம் புகழ்பெற்ற பயணத்தில், பெருங்கடலைக் கடக்கும் முன் கடைசியாகக் கப்பலை நிறுத்தியது இந்தத் தீவில்தான்.

லா கொமேரா எரிமலையால் உருவான தீவு. பரப்பு ஏறத்தாழ 370 சதுர கிலோமீட்டர். நடுவில் ஏறக்குறைய 1,480 மீட்டர் உயரமுள்ள சிகரம். அங்கிருந்து நாலாபக்கமும் கடலை நோக்கி, குடைக்கம்பிகளைப் போல, செங்குத்தான பள்ளத்தாக்குகள் பிரிந்து செல்கின்றன. அடுத்த ஊர் கண்ணுக்குத் தெரியும், காலுக்கு எட்டாது. இப்படிப்பட்ட இடத்தில்தான் ‘சில்போ கொமேரோ’ என்னும் சீழ்க்கைப் பேச்சு வளர்ந்தது. ‘சில்போ’ என்றால் ஸ்பானிய மொழியில் சீழ்க்கை என்றே பொருள்.

1402ஆம் ஆண்டில் கானரித் தீவுகளைப் பிடிக்க வந்த பிரெஞ்சுக்காரர்களின் குறிப்பேட்டிலேயே இந்தத் தீவினரின் விந்தையான பேச்சைப் பற்றிய செய்தி உள்ளது. இவர்கள் நாக்கு இல்லாதவர்கள் போல உதட்டாலேயே பேசுகிறார்கள் என்று அதில் எழுதி வைத்தார்கள். இவர்களின் முன்னோர் ஏதோ குற்றத்துக்காக நாக்கு அறுக்கப்பட்டுத் தீவில் விடப்பட்டவர்கள் என்று ஒரு கதையும் உலவியது. இந்தக் கதை எவ்வளவு தவறு என்பதைச் சற்று நேரத்தில் நீங்களே கண்டுபிடிக்கப் போகிறீர்கள்.

மொழி மறைந்தது, சீழ்க்கை நிலைத்தது

சில்போ தனி மொழி அன்று. அது ஸ்பானிய மொழிதான். குரலுக்குப் பதில் சீழ்க்கையில் ஒலிக்கிறது, அவ்வளவே. நம் மொழியை நாம் எழுத்தில் எழுதுவதுபோல, இவர்கள் தம் மொழியைச் சீழ்க்கையில் ‘எழுதுகிறார்கள்’ எனலாம்.

ஸ்பானியர்கள் 15ஆம் நூற்றாண்டில் தீவைக் கைப்பற்றும் முன், அங்கிருந்த பழங்குடியினர் வட ஆப்பிரிக்காவின் பெர்பர் மொழிகளுக்கு உறவான ஒரு மொழியைப் பேசினார்கள். காலப்போக்கில் அந்த மொழி வழக்கொழிந்தது. ஆனால் அவர்களுடைய சீழ்க்கை ஒழியவில்லை. புதிதாக வந்த ஸ்பானிய மொழியை அது சுமக்கத் தொடங்கியது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

செய்து பாருங்கள்

ஒரு மொழியை எப்படிச் சீழ்க்கையில் அடக்க முடியும்? இதற்கு ஆய்வுக்கூடம் வேண்டாம். உங்கள் வாயே போதும்.

அமைதியான அறையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். குரல் எழுப்பாமல், காதோடு இரகசியம் பேசுவதுபோல இந்த ஐந்து ஒலிகளையும் நிதானமாக, இதே வரிசையில் சொல்லுங்கள்: இ... எ... அ... ஒ... உ...

என்ன கேட்டது? ‘இ’யில் கீச்சென்று உயர்ந்திருந்த ஒலி படிப்படியாக இறங்கி, ‘உ’வில் தாழ்ந்து போயிற்று அல்லவா? இரகசியம் பேசும்போது தொண்டையில் உள்ள குரல் நாண்கள் அதிர்வதில்லை. அப்படியிருக்க, இந்த ஏற்ற இறக்கம் எங்கிருந்து வந்தது? உங்கள் நாக்கிலிருந்து!

பாதியளவு தண்ணீர் உள்ள பாட்டிலின் வாயில் ஊதினால் ஓர் ஒலி வரும். தண்ணீரைக் கூட்டக் கூட்ட, உள்ளே காற்றுக்குரிய இடம் குறையும், ஒலி உயரும். வாயும் அப்படித்தான். ‘இ’ என்னும்போது நாக்கு முன்னே வந்து மேலெழுகிறது. நாக்குக்கு முன்னால் உள்ள இடம் சுருங்குகிறது. ‘உ’ என்னும்போது நாக்கு பின்வாங்குகிறது, உதடு குவிகிறது. இடம் பெரிதாகிறது, ஒலி தாழ்கிறது.

சீழ்க்கை அடிப்பவரும் இதையேதான் செய்கிறார். அவர் விரலை வாயில் வைத்து உதடுகளை அசையாமல் நிறுத்திக்கொள்கிறார். மற்றொரு கையை ஒலிபெருக்கிபோல் குவிக்கிறார். உள்ளே நாக்கு, பேசும்போது எப்படி அசையுமோ ஏறத்தாழ அப்படியே அசைய முயல்கிறது. அதற்கேற்பச் சீழ்க்கை ஏறி இறங்குகிறது. மெய்யொலிகளும் இப்படியே. பல்லருகே பிறக்கும் ‘த’ போன்ற ஒலிகளுக்குச் சீழ்க்கை மேல்நோக்கி வளைகிறது. ‘ப’, ‘க’ போன்றவற்றுக்குக் கீழ்நோக்கி வளைகிறது. ‘த’, ‘ப’, ‘க’ ஆகியவற்றுக்கு ஒலி ஒரு கணம் அறுந்து தொடர்கிறது. ‘ல’, ‘ம’ போன்றவற்றுக்கு அறுபடாமல் ஓடுகிறது.

ஆகவே, நாக்கு இல்லாதவர்கள் கண்டுபிடித்த பேச்சு என்ற பழங்கதை தலைகீழானது. முழு வேலையையும் செய்வது நாக்குத்தான்!

ஏன் அவ்வளவு தூரம் போகிறது?

நாம் பேசும்போது நம் ஆற்றல் பல அதிர்வெண்களில் சிதறிப் பரவுகிறது. சீழ்க்கையிலோ ஆற்றல் முழுவதும் ஒரே மெல்லிய இழையாகத் திரள்கிறது. சில்போவின் ஒலி பெரும்பாலும் வினாடிக்கு 1,000 முதல் 3,000 அதிர்வுகளுக்குள் அமைகிறது. இது வெகு பொருத்தமான இடம். காற்றின் இரைச்சலும் ஓடையின் சலசலப்பும் பெரும்பாலும் இதற்குக் கீழே இருக்கின்றன. இதைவிட மிக உயர்ந்த ஒலிகளைக் காற்றும் மர இலைகளும் விரைவில் விழுங்கிவிடும். நம் காது மிகக் கூர்மையாகக் கேட்பதும் சில ஆயிரம் அதிர்வுகள் உள்ள பகுதியில்தான்.

அதனால்தான் தேர்ந்தவர் அடிக்கும் சீழ்க்கை இரண்டு மூன்று கிலோமீட்டர் சாதாரணமாகப் போகிறது. நல்ல சூழலில் அதற்கு மேலும் போகும். ஒரு கணக்குப் போடுங்கள்: ஒலி வினாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். மூன்று கிலோமீட்டர் தொலைவிலிருந்து கேட்ட கேள்வி உங்களை அடைய ஏறக்குறைய 9 வினாடி. பதில் திரும்ப இன்னொரு 9 வினாடி. பொறுமை இல்லாதவர்கள் சில்போவில் அரட்டை அடிக்க முடியாது!

கல்லா, பல்லா?

இதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. சீழ்க்கையில் பேச்சொலிகள் எல்லாவற்றையும் தனித்தனியே காட்ட இயலாது. சில்போவை ஆராய்ந்த ஸ்பானிய மொழியியலார் ரமோன் த்ருஹியோ 1978இல் வெளியிட்ட நூலில், ஸ்பானிய மொழியின் ஐந்து உயிரொலிகளும் சீழ்க்கையில் இரண்டாகவும், மெய்யொலிகள் எல்லாம் நான்கு வகையாகவும் சுருங்கிவிடுகின்றன என்று காட்டினார். உயிரொலிகள் இரண்டல்ல, நான்கு என்று கூறும் அறிஞர்களும் உண்டு. எப்படியானாலும் பல சொற்கள் ஒன்றுபோலவே ஒலிக்கும்.

தமிழை இதே முறையில் சீழ்க்கையாக்கினால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள். ‘க’வும் ‘ப’வும் ஒரே வகை. அப்படியானால் ‘கல்’லும் ‘பல்’லும் ஒன்றாகிவிடும்! “கல் விழுந்துவிட்டது” என்று நீங்கள் செய்தி அனுப்ப, அண்ணன் “பல் விழுந்துவிட்டதா?” என்று பதறலாம்.

ஆனால் “வீட்டுச் சுவரில் இருந்த பெரிய கல் விழுந்துவிட்டது” என்றால் குழப்பம் வராது. சுவரில் பல் இருக்காதல்லவா? சுற்றியுள்ள சொற்கள் பொருளைக் காட்டிக்கொடுக்கின்றன. சீழ்க்கையாளர்கள் இதை நன்கு அறிவார்கள். முதலில் யாரை அழைக்கிறோமோ அவர் பெயரைச் சொல்வார்கள். பிறகு வாக்கியத்தை அடிப்பார்கள். விளங்காவிட்டால் திரும்ப அடிப்பார்கள். மோசமான கையெழுத்தையும் நாம் சொற்றொடரை வைத்து ஊகித்துப் படித்துவிடுகிறோமே, அதுபோல.

மூளை இதை எப்படிக் கேட்கிறது?

2005ஆம் ஆண்டில் மனுவேல் கரெய்ராஸ் என்ற ஸ்பானிய விஞ்ஞானியும் அவருடைய குழுவினரும் ஒரு சோதனை செய்தார்கள். சில்போ தெரிந்தவர்களுக்கும், ஸ்பானிய மொழி மட்டும் தெரிந்தவர்களுக்கும் ஒரே சீழ்க்கைகளைப் போட்டுக் காட்டி, மூளையின் எந்தப் பகுதிகள் சுறுசுறுப்பாகின்றன என்பதைப் படம் பிடித்தார்கள். சில்போ தெரிந்தவர்களின் மூளையில், மொழியைக் கையாளும் இடப்பக்கப் பகுதிகள் பேச்சைக் கேட்கும்போது இயங்குவதுபோலவே இயங்கின. மற்றவர்களுக்கு அப்படி இயங்கவில்லை.

ஒரே ஒலிதான், ஒருவர் காதில் பேச்சு, மற்றவர் காதில் வெறும் சீழ்க்கை! பேச்சு என்பது ஒலியில் மட்டும் இல்லை. அதைக் கற்ற மூளையிலும் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிக் காட்டுவது?

துருக்கியில் கருங்கடலோர மலைகளில் குஷ்கோய் என்ற ஊர் உள்ளது. பெயருக்குப் பொருள் ‘பறவை ஊர்’. அங்கே துருக்கி மொழியைச் சீழ்க்கையில் பேசுகிறார்கள். 2015இல் அங்கு நடந்த ஆய்வில், சாதாரணப் பேச்சுக்கு இடது மூளை முந்துகிறது, சீழ்க்கைப் பேச்சுக்கோ இரு பக்கங்களும் ஏறத்தாழச் சமமாகப் பங்கேற்கின்றன என்று கண்டார்கள். இசை போன்ற ஏற்ற இறக்கத்தைக் கேட்பதில் வலது மூளைக்கும் பங்கு உண்டு என்பது இதற்குக் காரணமாகலாம்.

மெக்சிகோவின் மலைகளில் வாழும் மசாதெக் மக்களிடமும் சீழ்க்கைப் பேச்சு உண்டு. நம் நாட்டில் மேகாலயாவின் காங்தாங் ஊரில், தாய் தன் குழந்தைக்கென்றே ஒரு மெட்டு அமைத்து, அதையே பெயராக அழைக்கிறாள். அது மெட்டுப் பெயர். முழுப் பேச்சு அன்று. ஆனாலும் மலையும் காடும் உள்ள இடங்களில் மனிதர் மனம் ஒரே வழியில் போவதைக் கவனியுங்கள்.

பள்ளிக்கூடம் காத்த சீழ்க்கை

1950களுக்குப் பிறகு லா கொமேராவில் சில்போ தேயத் தொடங்கியது. பிழைப்புக்காகப் பலர் வெனிசுவேலா போன்ற நாடுகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். மேய்ச்சல் குறைந்தது. சாலைகள் வந்தன, தொலைபேசி வந்தது. சீழ்க்கை அடிப்பது பட்டிக்காட்டுத்தனம் என்று நினைத்தவர்களும் இருந்தார்கள். முதியவர்கள் மட்டுமே அறிந்த ஒன்றாக அது சுருங்கியது. அவர்கள் மறைந்தால் அதுவும் மறையும் என்ற நிலை. சீழ்க்கைக்கு எழுத்து இல்லை. ஒரு தலைமுறை கேட்காமல் விட்டால் போதும், மீட்க வழி இல்லை.

அப்போது தீவினர் விழித்துக்கொண்டார்கள். முதிய சீழ்க்கையாளர்கள் சிறுவர்களுக்குக் கற்றுக்கொடுக்க முன்வந்தார்கள். 1999இல் சில்போ தீவின் பள்ளிகளில் கட்டாயப் பாடமாயிற்று. வகுப்பில் சீழ்க்கை அடித்தால் நமக்குத் தண்டனை. அங்கே அடிக்காவிட்டால்தான் ஆசிரியர் கோபிப்பார்! 2009இல் யுனெஸ்கோ நிறுவனம் சில்போவை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. குஷ்கோயின் சீழ்க்கையோ 2017இல் உடனே காக்கப்பட வேண்டியவற்றின் பட்டியலில் சேர்க்கப்பட்டது. அதற்குள்ள பெரிய ஆபத்து கைப்பேசி என்று யுனெஸ்கோ கூறியிருக்கிறது.

இன்று லா கொமேராச் சிறுவனுக்கு ஆட்டைத் தேடச் சில்போ வேண்டியதில்லை. அவன் கையிலும் கைப்பேசி உண்டு. ஆனால் எதிர்மலையிலிருந்து பாட்டனார் சீழ்க்கை அடித்தால் அதில் தன் பெயர் இருப்பதை அவன் காது கண்டுகொள்ளும். நம் காதுக்கு அது ஏதோ ஒரு பறவையின் குரல்தான்.

உங்கள் ஊரிலும் மாடு, ஆடு, கோழிகளை அழைக்கவும், வயலில் எட்ட இருப்பவரைக் கூப்பிடவும் தனித்தனி ஒலிகள் இருக்கும். வீட்டில் உள்ள பெரியவர்களிடம் கேட்டு, எந்த ஒலி எதற்கு, அது எவ்வளவு தூரம் கேட்கும் என்று எழுதி வையுங்கள். ஒலிப்பதிவும் செய்யலாம். ஆனால் பதிவு செய்வதோடு நிறுத்திவிடாதீர்கள்; அவர்கள் அருகில் நின்று நீங்களும் ஒரு முறை அப்படியே கூப்பிட்டுப் பாருங்கள்.